ஒளிப்படங்களைத் தொகுதியாகச் சிறிதாக்குதல்

ஒளிப்படங்களைத் தொகுதியாகச் சிறிதாக்குதல் என்பது பல எண்ணிமப் படங்களின் நீள அகலத்தை ஒரே கட்டளையின் மூலம், ஒரே விதிப்படி குறைக்கும் முறையாகும். ஒவ்வொரு படமாகத் திறந்து, அளவை மாற்றி, சேமித்து மூடுவதற்குப் பதிலாக, ஒரு கோப்புறையில் உள்ள அனைத்துப் படங்களையும் மென்பொருளே வரிசையாக எடுத்து இவ்வேலையைச் செய்து முடிக்கிறது. கோயில்களையும் கல்வெட்டுகளையும் படம் எடுத்து ஆவணப்படுத்துவோர், மாணவர் படங்களைப் பதிவேற்றும் பள்ளிகள், இணைய விண்ணப்பங்களை நிரப்பித்தரும் கணினி மையங்கள், ஒளிப்பட நிலையங்கள் ஆகிய பலருக்கும் இம்முறை பயன்படுகிறது.

சிறிதாக்கப்பட்ட படத்தை மீண்டும் பெரிதாக்கினாலும் இழந்த நுட்பங்கள் திரும்பி வருவதில்லை. ஒரு படத்தில் செய்த பிழை அந்தப் படத்தோடு நின்றுவிடும். தொகுதியாகச் செய்யும்போது அதே பிழை நூற்றுக்கணக்கான படங்களில் சில நொடிகளில் நிகழ்ந்துவிடும். எனவே மூலப்படத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு அதன் படியை மட்டும் சிறிதாக்க வேண்டும் என்பதே இம்முறையின் முதல் விதியாகும்.

தேவை

கள்ளக்குறிச்சி மாவட்டம் திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றங்கரையை ஒட்டி உலகளந்த பெருமாள் கோயில், கீழையூர் வீரட்டேசுவரர் கோயில், ஆற்றின் நடுவே உள்ள கபிலர் குன்று ஆகியவை அமைந்துள்ளன. வீரட்டேசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று புலவர் கபிலர் இங்குத் தீப்பாய்ந்ததைக் குறிப்பிடுவதால் இலக்கிய வரலாற்றிலும் இக்கோயில் இடம்பெறுகிறது. இவ்விடங்களைப் படம் எடுக்கச் செல்பவர் ஒரு நாளில் 300 படங்கள் எடுப்பது இயல்பு.

இக்கால அலைபேசிகள் பலவற்றில் ஒரு படம் 4000 படவணு அகலமும் 3000 படவணு உயரமும் கொண்டதாக இருக்கும். அதாவது 1 கோடியே 20 லட்சம் படவணுக்கள். கோப்பின் அளவு ஏறத்தாழ 4.5 மெகாபைட்டு எனக் கொண்டால், 300 படங்கள் 1,350 மெகாபைட்டு ஆகும். நொடிக்கு 5 மெகாபிட்டு வேகத்தில் இவற்றை அனுப்ப 36 நிமிடங்கள் தேவை. அதே படங்களை 1600 படவணு அகலத்திற்குக் குறைத்து, ஒவ்வொன்றும் 400 கிலோபைட்டு அளவில் சேமித்தால் மொத்தம் 120 மெகாபைட்டுதான். அனுப்புவதற்கு மூன்று நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாகும். கல்வராயன் மலைச் சிற்றூர்களைப் போல அலைபேசி இணைப்பு வலுவற்ற இடங்களில் இந்த வேறுபாடு, படம் போய்ச் சேருமா சேராதா என்பதையே தீர்மானிக்கிறது.

பெரிய தொகுப்புகளுக்குத் தொகுதிமுறை இன்றியமையாதது. 1955-இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஒளிப்படக் காப்பகத்தில் தென்னிந்தியக் கோயில்கள், சிற்பங்கள் குறித்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. இத்தகைய தொகுப்பு ஒன்றில் படத்திற்கு ஒரு நிமிடம் செலவிட்டாலும், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வீதம் ஒரு லட்சம் படங்களுக்கு 200 நாட்களுக்கு மேல் ஆகும்.

படவணுவும் கோப்பின் அளவும்

படத்தின் அளவு என்ற சொல் மூன்று வேறு பொருள்களில் வழங்குவதால் குழப்பம் ஏற்படுகிறது.

முதலாவது, படவணு அளவு. எண்ணிமப் படம் என்பது புள்ளிக் கோலம் போன்று வரிசைகளாக அடுக்கப்பட்ட நிறப் புள்ளிகளின் தொகுப்பு. ஒரு புள்ளிக்கு ஒரு நிறம் மட்டுமே உண்டு. 4000-க்கு 3000 என்பது இந்தப் புள்ளிகளின் எண்ணிக்கை.

இரண்டாவது, கோப்பின் அளவு. இது நினைவகத்தில் அப்படம் பிடிக்கும் இடம். கிலோபைட்டு, மெகாபைட்டு ஆகிய அலகுகளால் குறிக்கப்படும். ஒரே படவணு அளவுள்ள இரு படங்களின் கோப்பளவு வேறுபடலாம். வெறும் வானத்தைக் காட்டும் படம் சிறியதாகவும், சிற்பங்கள் நிறைந்த கோபுரத்தைக் காட்டும் படம் பெரியதாகவும் இருக்கும்.

மூன்றாவது, அச்சிடும் அளவு. ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் அச்சிடப்பட வேண்டும் என்பதைப் பொறுத்து இது அமையும். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் 6-க்கு 4 அங்குலப் படம் அச்சிட 1800-க்கு 1200 படவணுக்கள் போதும். கோப்பில் எழுதப்பட்டுள்ள 'அங்குலத்திற்கு இத்தனை புள்ளிகள்' என்ற எண்ணை மட்டும் மாற்றினால் படத்தில் ஒரு புள்ளியும் கூடுவதில்லை, குறைவதில்லை.

நீளமும் அகலமும் பாதியாகும்போது படவணுக்களின் எண்ணிக்கை பாதியாவதில்லை, கால் பங்காகிறது. 4000-க்கு 3000 படத்தை 1600-க்கு 1200 ஆக்கினால் 19 லட்சத்து 20 ஆயிரம் படவணுக்களே மிஞ்சும். இது மூலத்தில் 16 விழுக்காடு மட்டுமே.

சிறிதாக்கும்போது நிகழ்வது

சிறிதாக்கும்போது மென்பொருள் பல பழைய படவணுக்களிலிருந்து ஒரு புதிய படவணுவைக் கணக்கிடுகிறது. இக்கணக்கீட்டிற்குப் பல முறைகள் உள்ளன. அருகிலுள்ள ஒரு படவணுவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் முறை விரைவானது. ஆனால் நுண்கோடுகள் முறிந்தும் பல்லுப் பல்லாகவும் தோன்றும். சுற்றியுள்ள படவணுக்களைத் தக்க எடையுடன் சேர்த்துக் கணக்கிடும் 'பைகியூபிக்', 'லான்சோசு' ஆகிய முறைகள் தெளிவான படத்தைத் தருகின்றன. லான்சோசு முறை அங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் கொர்னேலியசு லான்சோசின் பெயரால் வழங்குகிறது.

உலகளந்த பெருமாள் கோயிலின் 11 நிலை இராசகோபுரம் போன்று நெருக்கமான சுதைச் சிற்பங்கள் கொண்ட படங்களில் இவ்வேறுபாடு நன்றாகத் தெரியும். தரமற்ற முறையில் சிறிதாக்கினால், உண்மையில் இல்லாத அலைவரிகள் கோபுரத்தின் மீது தோன்றக்கூடும்.

ஜேபெக் சுருக்கம்

படவணுக்களைக் குறைப்பதும், இருக்கும் படவணுக்களைச் சுருக்கிச் சேமிப்பதும் வேறு வேறு செயல்கள். ஒளிப்படங்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் ஜேபெக் வடிவம் 1992-இல் சீர்தரமாக ஏற்கப்பட்டது. இது படத்தை எட்டுக்கு எட்டு, அதாவது 64 படவணுக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களை விட்டுவிடுகிறது. இதற்கு அடிப்படையான கணித முறையை நசீர் அகமது, டி. நடராசன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை விளக்கியது. இவர்களுள் நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர்.

சேமிக்கும்போது மென்பொருள் கேட்கும் தர எண் விழுக்காடு அன்று. அது எவ்வளவு நுட்பத்தை விட்டுவிடலாம் என்பதற்கான ஓர் அளவுகோல் மட்டுமே. பொதுப் பயன்பாட்டிற்கு 80 முதல் 90 வரை போதுமானது. 50-க்குக் கீழே சென்றால் எழுத்தோரங்களில் கறைபோன்ற கட்டங்கள் தெரியத் தொடங்கும். ஜேபெக் படத்தை மாற்றி மீண்டும் மீண்டும் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் சிறிது இழப்பு சேரும். எனவே சிறிய படி வேண்டும்போதெல்லாம் மூலத்திலிருந்தே எடுக்க வேண்டும். முன்னரே சிறிதாக்கிய படியிலிருந்து எடுக்கக் கூடாது.

கல்வெட்டுப் படங்களில் ஏற்படும் இழப்பு

சிறிதாக்குவதால் எது இழக்கப்படுகிறது என்பதைக் கல்வெட்டுப் படங்களில் தெளிவாகக் காணலாம். திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பை என்னும் ஊரின் பாறைக் குகைத்தளத்தில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. 1981-இல் கண்டறியப்பட்ட இக்கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளியைப் பற்றியது. அசோகரின் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியருடன் குறிப்பிடப்படும் சத்தியபுத்திரர் யார் என்ற நீண்டநாள் வினாவிற்கு, இச்சிறு கல்வெட்டில் உள்ள ஒரு சொல் விடையளித்தது.

இவ்வாறு ஒரு சொல்லே வரலாற்றை மாற்றும் இடத்தில் ஒவ்வொரு கீறலும் முக்கியமானது. மெய்யெழுத்தைக் காட்டும் புள்ளி பழங்காலக் கல்வெட்டுகள் எல்லாவற்றிலும் இடப்படுவதில்லை. கல்லில் தெரிவது வெட்டிய புள்ளியா, இயற்கையான குழியா என்று ஆய்வாளர் உற்றுநோக்க வேண்டியிருக்கும். 4000 படவணு அகலமுள்ள ஒரு படத்தில் ஓர் எழுத்து 60 படவணு உயரமும், அதன் புள்ளி 6 படவணு அகலமும் கொண்டுள்ளதாகக் கொள்வோம். படத்தை 1000 படவணு அகலத்திற்குக் குறைத்தால் எழுத்து 15 படவணுவாகும். புள்ளி ஒன்றரைப் படவணுவாகிவிடும். அதன்பின் ஜேபெக் சுருக்கமும் சேர்ந்தால் அது கல்லின் சொரசொரப்போடு கலந்துவிடும். எழுத்தை எழுத்து என்று அறியலாம், ஆனால் புள்ளி இருந்ததா இல்லையா என்று அப்படத்தைக் கொண்டு கூற முடியாது.

கல் சிதைந்தோ, சுண்ணாம்பு பூசப்பட்டோ, திருப்பணியில் இடம் மாற்றப்பட்டோ போனால் பழைய ஒளிப்படமே சான்றாக எஞ்சக்கூடும். அப்போது கையிலிருப்பது சிறிதாக்கிய படி மட்டுமே என்றால், அந்த எழுத்தை மீட்கும் வாய்ப்பு நீங்கிவிடுகிறது.

வாட்சப் வழியாகப் படத்தைப் படமாகவே அனுப்பும்போதும் அது தானாகவே சிறிதாக்கப்படுகிறது. படம் எடுத்த நாள், இடம் முதலிய விவரங்களும் நீங்கிவிடுகின்றன. கல்வெட்டுப் படத்தை அறிஞர் ஒருவருக்குப் படிக்க அனுப்பும்போது, 'ஆவணம்' என்ற தெரிவின் வழியாக அனுப்பினால் மூலக்கோப்பு மாறாமல் சென்றடையும்.

மென்பொருள்கள்

தொகுதியாகச் சிறிதாக்க உதவும் மென்பொருள்கள் பல. அவற்றுள் சில:

இர்ஃபான்வியூ: விண்டோசு கணினிக்கானது. 1996-இல் முதலில் வெளிவந்தது. வணிக நோக்கமற்ற பயன்பாட்டிற்கு இலவசம். பழைய கணினிகளிலும் விரைவாக இயங்கும். மென்பொருளைத் திறந்து 'பி' விசையை அழுத்தினால் தொகுதி மாற்றச் சாளரம் திறக்கும்.

பவர்டாய்சு: மைக்ரோசாஃப்டு நிறுவனம் இலவசமாக வழங்கும் கருவித் தொகுப்பு. இதை நிறுவியபின், கோப்புறையில் படங்களைத் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கினாலே அளவு மாற்றும் வசதி கிடைக்கும். இயல்பாக இது படிகளையே உருவாக்கும்.

எக்ஸ்என்கன்வெர்ட்: விண்டோசு, மேக், லினக்சு ஆகிய மூன்றிலும் இயங்குவது. அளவு மாற்றம், சுழற்றல், பெயர் மாற்றம் ஆகியவற்றை வரிசையாக அடுக்கிச் செய்யலாம்.

கிம்ப்: கட்டற்ற படிமத் தொகுப்பு மென்பொருள். தொகுதி வேலைக்கு இதனுடன் ஒரு செருகுநிரல் தேவைப்படும்.

போட்டோசாப்: ஒளிப்பட நிலையங்களில் பெரிதும் பயன்படுவது. இதன் 'கோப்பு' பட்டியலின் கீழ், நிரல்கள் பகுதியில் உள்ள 'இமேஜ் புராசசர்' தொகுதி வேலைக்குரியது.

இமேஜ்மேஜிக்: கட்டளை வரியில் இயங்கும் கட்டற்ற மென்பொருள். ஆயிரக்கணக்கான படங்களுக்கு ஏற்றது. இதன் 'மோக்ரிஃபை' கட்டளை, வேறு கோப்புறையைக் குறிப்பிடாவிட்டால், மூலக்கோப்பின் மீதே எழுதிவிடும். முதன்முறை பயன்படுத்துவோர் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

செய்முறை

மென்பொருள் எதுவாயினும் வேலையின் வரிசை ஏறத்தாழ ஒன்றே.

1. கேமரா அல்லது அலைபேசியிலிருந்து படங்களைக் கணினியின் ஒரு கோப்புறையில் படியெடுத்து, அதற்கு 'மூலம்' எனப் பெயரிடுக. இதன் மற்றொரு படியை வெளி வன்தட்டில் சேமிக்கவும். இரண்டும் முடியும்வரை நினைவக அட்டையை அழிக்கக் கூடாது.

2. 'சிறியவை' என்ற பெயரில் வேறொரு கோப்புறையை உருவாக்குக. வெளியீடு முழுவதும் இதற்கே செல்லுமாறு மென்பொருளில் குறிப்பிடுக.

3. மென்பொருளின் தொகுதிச் சாளரத்தில் 'மூலம்' கோப்புறையிலுள்ள படங்களைச் சேர்க்கவும்.

4. அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே கொடுக்காமல், 'நீண்ட பக்கம்' எவ்வளவு என்று மட்டும் கொடுக்கவும். கிடைநிலைப் படங்களும் நெடுநிலைப் படங்களும் கலந்திருக்கும்போது இதுவே சரியானது.

5. நீள அகல விகிதத்தைக் காக்கும் தெரிவை இயக்கவும். இது விடுபட்டால் கோபுரம் குட்டையாகவும் முகங்கள் அகன்றும் தோன்றும்.

6. சிறிய படங்களைப் பெரிதாக்க வேண்டாம் என்ற தெரிவையும் இயக்கவும். இல்லையெனில் ஏற்கெனவே சிறியதாக உள்ள படங்கள் இழுக்கப்பட்டு மங்கிவிடும்.

7. ஜேபெக் தர எண்ணைத் தேர்ந்தெடுக்கவும்.

8. முதலில் மூன்று படங்களை மட்டும் இயக்கிப் பார்க்கவும். ஒன்று நெடுநிலைப் படமாகவும், ஒன்று எழுத்துகள் உள்ளதாகவும், ஒன்று மனிதர் முகம் உள்ளதாகவும் இருப்பது நல்லது. அவற்றை முழு அளவில் திறந்து பார்த்தபின் மற்றவற்றை இயக்கலாம்.

9. முடிந்ததும் இரு கோப்புறைகளிலும் உள்ள கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக உள்ளதா எனச் சரிபார்க்கவும்.

விண்ணப்பங்களுக்கான படங்கள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கைகளில் விண்ணப்பதாரரின் ஒளிப்படம் 20 முதல் 50 கிலோபைட்டுக்குள்ளும், கையொப்பம் 10 முதல் 20 கிலோபைட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் எனக் கேட்கப்பட்டுள்ளது. அளவுகள் தேர்வுக்குத் தேர்வு மாறக்கூடும் என்பதால் உரிய அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிலோபைட்டைக் குறைப்பதற்காகத் தர எண்ணை மட்டும் மிகவும் குறைத்தால் முகம் கட்டம் கட்டமாகச் சிதையும். படவணு அளவை முதலில் குறைத்து, பின்னர் தர எண்ணைச் சரிசெய்வதே முறை. 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர் கடவுச்சீட்டு அளவுப் படம், அங்குலத்திற்கு 200 புள்ளிகள் வீதம் ஏறத்தாழ 276-க்கு 354 படவணுக்கள் ஆகும். இந்த அளவிற்கு வெட்டிச் சிறிதாக்கியபின் நல்ல தரத்தில் சேமித்தாலும் கோப்பு பெரும்பாலும் 50 கிலோபைட்டிற்குள் அடங்கிவிடும். 20 கிலோபைட்டிற்குக் குறைந்துவிட்டால் தர எண்ணைச் சிறிது உயர்த்தினால் போதும்.

ஒரு வகுப்பு மாணவர் அனைவரின் படங்களையும் இவ்வாறு தொகுதியாகச் செய்யலாம். ஆனால் முகத்தைச் சுற்றி வெட்டும் வேலையை ஒவ்வொரு படமாகவே செய்ய வேண்டும். எல்லோரும் ஒரே தொலைவில், ஒரே இடத்தில் நிற்குமாறு எடுத்திருந்தால் மட்டுமே வெட்டுதலையும் தொகுதியாகச் செய்ய இயலும்.

வழக்கமாக நேரும் பிழைகள்

மூலத்தின் மீதே எழுதுதல்: வெளியீட்டுக் கோப்புறையை மாற்ற மறப்பதால் நேர்வது. பெரும்பாலும் மீட்க முடியாதது.

ஒரே பெயர்: வெவ்வேறு கேமராக்கள் ஒரே வரிசை எண்ணில் கோப்புகளுக்குப் பெயரிடலாம். அவற்றை ஒரே கோப்புறையில் சேர்க்கும்போது ஒன்றன் மீது மற்றொன்று எழுதப்படும். ஊர்ப்பெயர், நாள், வரிசை எண் என்ற அமைப்பில் முன்கூட்டியே தொகுதியாகப் பெயர் மாற்றிக்கொண்டால் இது நேராது.

படம் சாய்ந்து கிடத்தல்: அலைபேசிகள் பல, நெடுநிலைப் படத்தைக் கிடைநிலையிலேயே சேமித்து, 'திருப்பிக் காட்டுக' என்ற குறிப்பைக் கோப்பினுள் எழுதிவைக்கும். சிறிதாக்கும் மென்பொருள் இக்குறிப்பை நீக்கிவிட்டால் படம் படுத்துக் கிடக்கும். குறிப்பின்படி தானே சுழற்றும் தெரிவை இயக்க வேண்டும்.

உள்விவரங்கள்: கோப்பினுள் படம் எடுத்த நாள், நேரம், கேமரா, சில வேளைகளில் புவியிடமும் பதிவாகியிருக்கும். ஆவணப் படங்களுக்கு இவ்விவரங்கள் மதிப்புடையவை என்பதால் காக்கப்பட வேண்டும். மாணவர் படங்களிலும், காவலற்ற இடத்தில் உள்ள சிலைகளின் படங்களிலும் புவியிடத்தை நீக்கிவிட்டு வெளியிடுவது பாதுகாப்பானது.

சிறிதாக்கத் தேவையற்ற இடங்கள்

தமிழ் விக்கிப்பீடியா உள்ளிட்ட விக்கித் திட்டங்களுக்குப் படங்களை வழங்கும் விக்கிமீடியா பொதுவகம் 2004-இல் தொடங்கப்பட்டது. இங்குப் பதிவேற்றப்படும் படத்திலிருந்து தேவையான சிறிய அளவுகளை வழங்கியே உருவாக்கிக்கொள்ளும். கட்டுரையில் சிறிதாகத் தெரியும் படத்தைச் சொடுக்கினால் முழு அளவும் கிடைக்கும். எனவே அங்குப் படங்களை மூல அளவிலேயே பதிவேற்றுமாறு ஊக்குவிக்கப்படுகிறது. நூல் அச்சிடுவோருக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் கொடுக்கும் படங்களுக்கும் இது பொருந்தும்.

சுருங்கக் கூறின், பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் சிறிய படி போதும். படிப்பதற்கும் பாதுகாப்பதற்கும் மூலம் வேண்டும். இடப் பற்றாக்குறையால் ஏதேனும் ஒன்றை அழிக்க நேர்ந்தால் சிறிய படிகளையே அழிக்க வேண்டும். மூலம் இருக்கும்வரை அவற்றைச் சில நிமிடங்களில் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.